30 நிமிடமா, 30 மணி நேரமா? உங்கள் கருவி விளக்கங்கள் குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சலில் சிறிய கோல்டு ஸ்டோரேஜ் நடத்துகிறேன். இதே விஷயத்துக்காக ஆறு மின்னஞ்சல், ஒன்பது போன், ஒரு நேரடிப் பயணம் எல்லாம் முடிந்துதான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து இதையும் படிக்காமல் 'டிக்கெட் மூடப்பட்டது' என்று போட்டுவிடாதீர்கள்.

உங்கள் கண்காணிப்பு மென்பொருளில் எம்சிபி வசதி (ஏஐ-யை மென்பொருளோடு இணைக்கும் முறை) வந்ததும், என் அக்கா மகன் அதோடு ஒரு ஏஐ ஏஜென்ட்டை, அதாவது நாம் சொல்வதைக் கேட்டு மென்பொருளை இயக்கும் உதவியாளரை, இணைத்துக் கொடுத்தான். ஆகஸ்ட் 1-ல் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கணவாய் நன்றாக வந்த நேரம். ஒரு சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, உறைந்த ஐஸை உருக்கும் டீஃப்ராஸ்ட் போட்டேன். அப்போது அலாரம் விடாமல் அடிக்கும் என்பதால், "இரண்டாம் அறை அலாரத்தை 30 நிமிடம் நிறுத்தி வை" என்று ஏஜென்ட்டிடம் சொன்னேன். அது, ஏஜென்ட் பயன்படுத்த உங்கள் மென்பொருள் தரும் கருவிகளில் ஒன்றான சைலன்ஸ் அலர்ட்டுக்கு 30 என்று அனுப்பியது. உங்கள் கருவி அதை 30 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டது.

அந்தக் கருவிக்கு நீங்கள் எழுதியிருக்கும் விளக்கம் இவ்வளவுதான்: 'அலர்ட்டை நிறுத்தும்.' கால அளவு என்ற இடத்தில் 'எண்' என்று மட்டும் இருக்கிறது. நொடியா, நிமிடமா, மணியா? ஒரு வார்த்தை இல்லை.

நள்ளிரவுக்குப் பிறகு கம்ப்ரஸர் டிரிப் ஆனது. அலாரம் அடிக்கவில்லை. ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தால், மைனஸ் 18-ல் இருக்க வேண்டிய அறை மைனஸ் 2-ல் நிற்கிறது, பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. 420 கிலோ கணவாய். வாங்க வந்தவர் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். எனக்கு இந்த சீசனே போய்விட்டது. பத்து வருடமாகச் சம்பாதித்த பெயரும் அதோடு போனது.

இதைச் சொல்லத்தான் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள உங்கள் சேவை அலுவலகத்துக்கு வந்தேன். குளச்சலிலிருந்து இரண்டு பஸ், மார்த்தாண்டத்தில் ஒரு மணி நேரம் நெரிசல். வாசலிலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அப்புறம் ஒரு தம்பி வந்து நின்றபடியே கேட்டார்: "மீன் யாவாரத்துக்கு எதுக்கு சார் ஏஐ? உங்க ஏஜென்ட் தப்பா புரிஞ்சிக்கிட்டா நாங்க என்ன பண்ணுறது? நீங்க அதுக்குச் சொல்ற ப்ராம்ப்டை மாத்துங்க." ஆன்லைனில் டிக்கெட் போடச் சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் நான் வந்தேன் என்பதைக்கூட அவர் கேட்கவில்லை.

ஏஜென்ட்டால் உங்கள் மென்பொருளின் நிரலைத் திறந்து பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா? கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கேட்கிறது, இவைதான் அதன் கண்ணில் படும். அதை வைத்துத்தான் எதை எடுப்பது, என்ன மதிப்பு கொடுப்பது என்று முடிவு செய்கிறது. கெட் மெட்ரிக்ஸ், க்வெரி மெட்ரிக்ஸ் என்ற இரண்டு கருவிகளுக்கும் 'தரவைப் பெறும்' என்றே எழுதியிருக்கிறீர்கள். ஒன்று இப்போதைய அளவைத் தருகிறது, மற்றது பழைய பதிவைத் தருகிறது என்பதை நாங்களே சோதித்துக் கண்டுபிடித்தோம். சென்சார் பெயரில் ஓர் எழுத்து தவறினால் பிழை என்று சொல்லாமல் காலிப் பட்டியலைத் திருப்புகிறது. ஏஜென்ட்டும் 'எந்தச் சிக்கலும் இல்லை' என்று எங்களிடம் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பணத்தைவிடப் பெரியது. கம்ப்ரஸர் எப்போது திரும்ப ஓடியது என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். அதிகாலை 3 மணி என்றது. நான் வந்து ஆன் செய்தது காலை 8:30-க்கு. உங்கள் கருவி நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் தருகிறது, நம் நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். விளக்கத்தில் அதுவும் இல்லை. நான் அந்த 3 மணியை நம்பி, இரவுக் காவலுக்கு இருந்த அண்ணனை, "நீங்கதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு மறைச்சிட்டீங்க" என்று எல்லோர் முன்னும் திட்டிவிட்டேன். அவர் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

உங்கள் பொறியாளர்கள் திறமைசாலிகள், மென்பொருளும் நல்லதுதான். அதனால்தான் இன்னும் பணிவாகக் கேட்கிறேன். சைலன்ஸ் அலர்ட்டுக்கு இப்படி எழுதுங்கள்: 'ஓர் அலாரத்தைத் தற்காலிகமாக நிறுத்தும். கால அளவு மணியில். அரை மணிக்கு 0.5 என்று கொடுக்கவும். இந்த நேரத்தில் யாருக்கும் எச்சரிக்கை போகாது. அலாரம் மீண்டும் இயங்கும் நேரத்தை இந்திய நேரத்தில் திருப்பித் தரும்.' ஐந்து வரி. மற்ற கருவிகளுக்கும் எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது, எந்த அலகு, எந்த நேர மண்டலம் என்று எழுதுங்கள். கூடவே, 420 கிலோவுக்கு நஷ்டஈடும், அந்தத் தம்பியிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பும் வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஏஜென்ட் அனுப்பிய 30, உங்கள் விளக்கத்தின் படம், சென்சார் பதிவு எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அதுவரை போக வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குளச்சல்.

பின்குறிப்பு: காவல் அண்ணனிடம் காட்ட, பதிவில் உள்ள 3 மணி என்பது நம் காலை 8:30 என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வேண்டும். அதை மட்டுமாவது இந்த வாரமே அனுப்பிவையுங்கள்.