அந்தச் சினைப்பையைக் குப்பையில் போடாதீர்கள்

நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், ஓநாய், நரி, செந்நாய் பராமரிக்கும் உயிரியல் பூங்கா மருத்துவக் குழுக்களுக்கும்,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கைதான். எடுத்த சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று வெட்டிப் பாருங்கள், அப்புறம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

நாய் இனத்தில் சினைப்பை கண்ணுக்கு நேராகத் தெரிவதில்லை, கொழுப்பு படிந்த பர்ஸா என்ற உறைக்குள் ஒளிந்திருக்கும், அதைத் திறக்காமல் வெளியே தடவிப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதும் அறிக்கையை நம்ப முடியாது. சிறு கட்டி அந்த உறைக்குள்ளேயே இருந்துவிடும்.

இணைசேரும் பருவம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது, பிறப்புறுப்பு வீக்கம் வற்றவில்லை, இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுகிறது, கருப்பையில் சீழ் என்றால் கிரானுலோசா செல் கட்டியைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். அது சினைப்பையில் வரும், ஹார்மோன் சுரக்கும் கட்டி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். கருத்தடை செய்த நாய் மறுபடி பருவத்துக்கு வந்தால் மிச்சம் விட்ட சினைப்பைத் துண்டைத் தேடுங்கள், அதிலும் கட்டி வரும்.

ஸ்கேனில் நீர்க்கட்டியும் புற்றுக்கட்டியும் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும். சரி, ஊசியால் குத்தி செல் எடுத்துப் பார்க்கலாமே என்றால், கார்சினோமா என்ற புற்றாக இருந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறும் ஆபத்து உண்டு. வயிற்றில் நீர் கோத்திருந்தால் முதலில் அந்த நீரைப் பாருங்கள். முடிவு சொல்வது திசுப் பரிசோதனைதான். அதிலும் ஒரு சிக்கல்: வயதான பெண் நாயின் சினைப்பை மேற்பரப்பு உள்ளே மடிந்து குழாய் குழாயாக வளர்ந்திருப்பது சாதாரணம், அந்த மேற்பரப்புச் செல்லில் தொடங்கும் ஆரம்பநிலை எபிதீலியல் கட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால், செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் இம்யூனோ சாயம் கேளுங்கள். இன்ஹிபின் புரதத்துக்கான சாயம் ஏறினால் கிரானுலோசா பக்கம், சைட்டோகெரட்டின் 7 புரதத்துக்கான சாயம் ஏறினால் எபிதீலியல் பக்கம்.

காட்டு இனங்களில் நிலைமை இன்னும் மோசம். தூரத்திலிருந்து பார்க்கும் ஓநாய்க்கு உதிரப்போக்கு இருந்தால் யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் செத்த பிறகுதான் கட்டி தெரிய வருகிறது, அதற்குள் உடலை உறைய வைத்துவிடுகிறார்கள், பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடுகிறது. தயவுசெய்து குளிரூட்டுங்கள், உறைய வைக்காதீர்கள். அழிவின் விளிம்புக்குப் போன சிவப்பு ஓநாயின் இன்றைய கூட்டம் முழுக்க 14 விலங்குகளை வைத்துத் தொடங்கிய இனப்பெருக்கத்திலிருந்து வந்தது, மெக்சிகன் ஓநாய்க்கு வெறும் 7. இப்படிப்பட்ட இனத்தில் ஒரு பெண் விலங்கு குட்டி போடாமல் போனதற்குக் காரணம் கட்டியா, முதுமையா, கொடுத்த கருத்தடை மருந்தா என்று தெரியாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அனுப்பும்போது இடது, வலது தனித்தனியாகக் குறியுங்கள். பெரிய கட்டியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போடுங்கள், முழுசாகப் போட்டால் நடுப்பகுதி அழுகித்தான் வரும். வயது, கடைசிப் பருவம், ஈன்ற விவரம், போட்ட ஹார்மோன் இம்பிளான்ட் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். ‘சினைப்பை, பெண் நாய்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்கள் பதிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
நுண்ணோக்கிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு கால்நடை நோயியல் மருத்துவர்