18 மணி 40 நிமிடம்

நியூவார்க்,
ஜூலை 3

டேய் சேகரா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு இன்றோடு இருபத்தைந்து நாள். அப்படியே உன் தங்கச்சி சாயல். மூக்கு மட்டும் என்னுடையது, பாவம்.

மூன்று வாரமாக நான் ஏன் எழுதவில்லை என்று உனக்கே தெரியும். போனில் இரண்டு நிமிடம் பேசினேன், அதிலும் பாதி நேரம் விமானத்தைப் பற்றித்தான் உளறினேன். பதினாறுக்கும் வரவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். 18 மணி 40 நிமிடம் என்றதும், "அம்புட்டு நேரம் ஆகாசத்துல என்னய்யா பண்ணுவ? சோறாச்சும் போடுவாங்களா?" என்றார்.

என் விமானக் கிறுக்கு உனக்குப் புதிதில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூவார்க் ஏறக்குறைய 15,340 கிலோமீட்டர். உருண்டையில் நூல் பிடித்தால் வட துருவத்தை ஒட்டிப் போகிறது. முட்டை வாத்தியார் இருந்திருந்தால் அந்த நூலாலேயே என் காதைக் கட்டியிருப்பார். ஆனால் நாங்கள் போனது பசிபிக் வழி. சுற்றுதான். ஆனாலும் மேலே மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் அதுதான் லாபமாம். 2004-ல் தொடங்கிய சேவை, நாலு என்ஜின் விமானம் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-ல் நின்றது. 2018-ல் இரண்டு என்ஜின் ஏர்பஸ் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி பறந்தது. மொத்தமே 161 இருக்கை, மலிவு வகுப்பே கிடையாது. விலையைச் சொன்னால் திட்டுவாய். மகள்தான் டிக்கெட் போட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். ராத்திரி பதினொன்றரை வாக்கில் கிளம்பினோம். இறங்கியபோது என் பழைய எச்எம்டி ஆறேகால் காட்டியது. சிங்கப்பூரில் சாயங்காலம், இங்கே காலை. அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் போனைப் போட்டேன்.

உன் செய்தி விடியற்காலையிலேயே வந்திருந்தது. அதற்குக் கீழே உன் தம்பி: "ரெண்டு மணிக்கு எடுத்தாச்சு." நான் அதைப் படித்தபோது திருச்சியில் மூன்றே முக்கால்.

விமானத்தில் வைஃபை உண்டு, சேகர். தூக்கம் கெடக் கூடாது என்று நான்தான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அதிலிருந்து ஒரே கணக்குதான் மனசில் ஓடுகிறது. நீ செய்தி போட்டபோது நான் ஜப்பானைத் தாண்டியிருப்பேன். வீட்டில் இருந்திருந்தால் சாங்கியிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் சொச்சம். முகத்தையாவது பார்த்திருக்கலாம். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் தங்கச்சி கேட்டால் ஜெட்லாக் என்று சொல்கிறேன். மூன்று வாரமாக என்ன ஜெட்லாக் என்று அவளும் கேட்கவில்லை.

சரி. 28-ஆம் தேதி இங்கிருந்து கிளம்புகிறேன். சாங்கியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் அப்படியே திருச்சி. அழைக்க வருகிறேன் என்று அந்த டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு வந்துவிடாதே, பெட்டி இரண்டு இருக்கிறது.

அம்மா கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். சோறு போட்டார்கள்டா. ரசம்தான் இல்லை.

உன்,
முத்து