சுருண்டு வளரும் படிகம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி தணிந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது.

படிகம் என்றால் தட்டையான முகங்கள் இருந்தே தீர வேண்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு நான் சொல்லும் பதில் சிலிண்ட்ரைட். சுருட்டி வைத்த பாய் போல, ஏட்டின்மேல் ஏடாகச் சுற்றி உருளையாகவே வளரும் கனிமம். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி, கொஞ்சம் இரும்பு ஆகியவை கந்தகத்தோடு சேர்ந்த சல்பைடு அது. கருஞ்சாம்பல் நிறம், நல்ல உலோகப் பளபளப்பு. கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 2.5தான்; அடர்த்தி நீரைப்போல ஏறத்தாழ 5.4 மடங்கு. அழுத்தினால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

சுருள்வதற்கான காரணம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. உள்ளே இரண்டு வகை அடுக்குகள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில் அணுக்கள், ஈயச் சல்பைடுக் கனிமமான கலீனாவில் இருப்பது போலச் சதுர ஒழுங்கில். மற்றதில் அறுகோண ஒழுங்கில். இரண்டின் அளவும் ஒத்துப்போவதில்லை. அந்த இறுக்கத்தைத் தளர்த்தவே ஏடு வளைகிறது என்கிறார்கள். இதன் கூடவே கிடைக்கும் ஃபிராங்கைட் என்ற கனிமத்திலும் இதே பொருந்தாமை உண்டு. அது மட்டும் ஏன் தட்டையாக வளர்கிறது? அதில் சதுர அடுக்கு நான்கு அணுத்தளத் தடிப்பு, சிலிண்ட்ரைட்டில் இரண்டே தளம். தடித்தது எளிதில் வளையாது என்பது என் எண்ணம். நீ என்ன நினைக்கிறாய்?

பொலிவியாவின் ஒரூரோ பகுதியில் போப்போ என்ற ஊரின் சுரங்கம்தான் சிலிண்ட்ரைட் முதலில் கண்டறியப்பட்ட இடம். ஃபிரென்செல் என்ற கனிமவியலாளர் அதை 1893இல் விவரித்தார். ஃபிராங்கைட்டும் அதே ஆண்டுதான் விவரிக்கப்பட்டது. அங்கே மாக்மாவோடு, அதாவது நிலத்தடிப் பாறைக்குழம்போடு, தொடர்புடைய வெந்நீர்க் கரைசல்கள் பாறைப் பிளவுகளில் ஏறி வெள்ளீயத்தைப் படியவைத்தன. வெள்ளீயம் பெரும்பாலும் ஆக்சைடாக, காசிட்டரைட்டாகத்தான் படியும். கந்தகம் மிகுந்து வெப்பம் குறைந்த இடங்களில் மட்டும் இப்படிச் சல்பைடாகிறது. பொலிவியாவுக்கு வெளியே சிலிண்ட்ரைட் அபூர்வம்.

இன்னொரு செய்தி. ஆய்வகங்களில் இப்போது இந்த இரண்டு கனிமங்களையும் மிக மெல்லிய ஏடுகளாக உரித்துப் பார்க்கிறார்கள். இரு வேறு பொருள்களைச் செயற்கையாக அடுக்கப் பெரும்பாடு படும் துறையில், இயற்கையே அடுக்கி வைத்த ஒன்று கைக்குக் கிடைக்கிறது. சிலிண்ட்ரைட்டில் இரும்பு இருப்பதால் அதன் காந்தப் பண்பையும் ஆராய்கிறார்கள்.

ஃபிராங்கைட் மாதிரி எங்காவது பார்க்கக் கிடைத்தால், அதன் ஓரங்கள் வளைந்திருக்கின்றனவா என்று கவனித்து எழுது.

அன்புடன்,
ராகவன்