1966-ல் விட்டதை மறுபடியும் விட்டுவிடாதீர்கள்

காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். லான் பௌல்ஸ் வீரர் டேவிட் பிரையன்ட்டின் காமன்வெல்த் பதக்கக் கணக்கில் இருக்கும் ஓர் இடைவெளி பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், கிளீவ்டன் என்ற சிறிய கடலோர ஊரில் 1931-ல் பிறந்தவர் அவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். புல்தரையில் பந்தை உருட்டி, குறிப்பந்துக்கு அருகில் நிறுத்தும் ஆட்டமான லான் பௌல்ஸின் ஒற்றையர் பிரிவில் 1962 பெர்த், 1970 எடின்பரோ, 1974 கிறைஸ்ட்சர்ச், 1978 எட்மன்டன் என்று நான்கு முறை தங்கம் வென்றார். நடுவே 1966 மட்டும் இல்லை. அவர் தோற்கவில்லை; அந்த ஆண்டு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த போட்டிகளில் லான் பௌல்ஸே நடக்கவில்லை. 1930-ல் தொடங்கிய போட்டிகளில் இந்த ஆட்டம் விடுபட்டது அந்த ஒரே முறைதான். அதே 1966-ல், சிட்னியில் நடந்த முதல் உலக சாம்பியன் போட்டியில் ஒற்றையர் பட்டம் யாருக்கு? பிரையன்ட்டுக்கு! அவர் உச்சத்தில் இருந்த ஆண்டில் உங்கள் மேடை அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு என் ஆதங்கம் புரியும். வாயில் பற்றவைக்காத பைப். புல்தரையில் குந்தி உட்கார்ந்து, தூரத்தில் கிடக்கும் ஜாக் என்ற சிறிய குறிப்பந்தை ஒரு கணம் பார்ப்பார். அப்படியே எழுந்து ஓர் அடி முன்வைத்து, பந்தைத் தரையோடு தரையாக உருட்டிவிடுவார். பௌல்ஸ் பந்து முழு உருண்டை இல்லை, அதனால் நேராக ஓடாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் வளையும். எங்கே வளைய ஆரம்பிக்கும், எங்கே போய் நிற்கும் என்பதைக் கையை விட்டுப் போகும் முன்பே கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்குக்கு வயது தடையில்லை. 1988-ல் ஆக்லாந்தில் மூன்றாவது முறையாக உலக ஒற்றையர் பட்டம் வென்றபோது அவருக்கு 56 வயது. 2020-ல் காலமானார்.

இது வயதானவர்களின் பொழுதுபோக்குதானே என்று யாராவது உங்களிடம் சொன்னால், 2022 பர்மிங்ஹாம் போட்டிகளை நினைவுபடுத்துங்கள். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நான்கு பெண்கள் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று, இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு முதல் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுவந்தார்கள். ஆட்டத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத எத்தனையோ பேர் அன்று அதன் விதிகளைத் தேடிப் படித்தார்கள்.

2026 கிளாஸ்கோவுக்காகப் பட்டியலைப் பத்து விளையாட்டுகளாகச் சுருக்கியபோதும் பௌல்ஸை வைத்துக்கொண்டீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. இனி எந்த நகரம் நடத்தினாலும், செலவு எவ்வளவு நெருக்கினாலும், இந்த ஆட்டத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நடத்தும் நகரத்தின் விருப்பத்துக்கு விடாதீர்கள். நிரந்தர இடம் என்று விதியிலேயே எழுதிவையுங்கள்.

அன்புடன்,
ஒரு பௌல்ஸ் ரசிகன்