மருந்துச் சீட்டில் இன்னொரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக மனநல நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். இங்கிலாந்திலும் கனடாவிலும் மருத்துவர்கள் மாத்திரையோடு ஓவிய வகுப்பையும் பாட்டுக் குழுவையும் அருங்காட்சியக அனுமதியையும் சேர்த்து எழுதித் தருகிறார்கள் என்பது அச்செய்தி. ஈரோடு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த முறையை நம் கொங்கு வட்டாரத்தில் எப்படிச் செய்யலாம், எப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத் தோன்றுவதை எழுத விரும்புகிறேன்.

மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே நிற்பவனுக்கு நோயாளியின் முகம் ஒரு சாண் அகலத்துக்குத்தான் தெரியும். இருந்தாலும் மாதாமாதம் வருபவர்களின் முகம் மனத்தில் பதிந்துவிடும். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் வருவார். அன்றைய கூட்டம் மற்ற நாள் கூட்டத்தைப் போல இருக்காது. சீட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வரிசையில் தெரிந்த முகம் இருந்தால் வெளியே போய் டீக்கடை ஓரம் நின்றுவிட்டுக் கூட்டம் கலைந்தபின் வருவார்கள். சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று மாத்திரை அட்டையை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருப்பதாக என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

அப்படி வந்தவர்களில், கணவரை இழந்து, மகனும் வேலைக்காக வெளியூர் போய்விட்ட ஓர் அம்மா, மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ மாத்திரையை வாங்கிக்கொண்டே சொன்னார்: “மாத்திரை போட்டா தூக்கம் வந்துருதுங்க சார். விடிஞ்சு எந்திரிச்சா என்ன பண்றதுன்னுதான் தெரியறதில்லைங்க.” என் இருப்புப் பதிவேட்டில் அதற்கு மருந்து இல்லை. மருத்துவரிடமும் இல்லை. ஒரு முற்பகலில் எண்பது பேரைப் பார்க்க வேண்டிய அவர், ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எப்படி ஒதுக்க முடியும்?

அந்த அம்மாவின் ஊரில் அப்போது, வள்ளியின் கதையைப் பாடிக் கைதட்டி வட்டமாக ஆடும் வள்ளி கும்மிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி, “ஆட வேண்டாம், எங்க செருப்பையாவது பாத்துக்குங்கக்கா, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முதல் மூன்று வாரமும் அவர் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, ஆடப் போனவர்களின் செருப்பையும் செல்போனையும் ஒரு கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டார். நான்காம் வாரம் ஒருவர் வராததால் வட்டத்தில் ஓர் இடம் விழுந்தது. “அந்த எடத்துல வந்து நில்லுங்கம்மா, கையை மட்டும் தட்டுங்க போதும்” என்று பயிற்சி கொடுத்த பெரியவர் கூப்பிட்டிருக்கிறார். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, திரும்பி ஒரு தட்டு என்று போகும் கும்மியில் ஓர் அடி பிசகினால் பின்னால் வருபவர் முதுகில் இடித்துவிடுவார். அதனால் அந்த ஒன்றரை மணி நேரமும் வேறு எதையும் நினைத்துக்கொண்டிருக்க முடிவதில்லை என்று பிறகு ஒரு நாள் அவரே சன்னலில் நின்று எனக்கு விளக்கினார். மாத்திரையை அவர் நிறுத்தவில்லை. ஓராண்டுக்குப் பின் மருத்துவர்தான் அளவைக் குறைத்து எழுதினார். ஒரே ஒருவரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பது மருந்துக் கடையிலேயே ஆயுள் கழித்த எனக்குத் தெரியும். ஆனாலும் தங்கள் செய்தியைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணைதான்.

இங்கிலாந்தில் இது நேற்று முளைத்த யோசனை இல்லை. ஸ்டாக்போர்ட் நகரில் 1990-களின் நடுவிலேயே மருத்துவர்கள் கலை வகுப்புக்குப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டார்கள். கனடாவின் மான்ட்ரியால் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்துக்கு மருத்துவர்கள் நோயாளிகளைச் சீட்டெழுதி அனுப்பத் தொடங்கியது 2018-இல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றில் வலுவானவையும் உண்டு, மெலிந்தவையும் உண்டு. எனக்குப் பயன்பட்டவை அதைவிடச் சிறிய, கறாரான சில ஆய்வுகள். மனச்சோர்வுக்கு இசை சிகிச்சை பயன்படுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் பரிசீலித்தபோது, 9 ஆய்வுகளில் மொத்தம் 421 பேர் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு இசையையும் சேர்த்தால் குறுகிய காலத்துக்குக் கூடுதல் பலன் தெரிகிறது என்பது முடிவு. “சேர்த்தால்” என்ற சொல்லையும் “குறுகிய காலத்துக்கு” என்ற சொல்லையும் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி இங்கிலாந்தில் 134 தாய்மாரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என்னை வெகுவாகக் கவர்ந்தது. குழந்தையோடு உட்கார்ந்து பத்து வாரம் குழுவாகப் பாடிய தாய்மாரில், மிதமானது முதல் கடுமையானது வரை சோர்வு இருந்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். நம்மிடம் தாலாட்டு இல்லையா, தாய்வீட்டில் ஐந்து மாதம் இருக்க வைக்கும் வழக்கம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் திருப்பூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில், கணவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் வரை குழந்தையோடு தனியாக இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தாலாட்டுச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? தடுப்பூசி போட அவள் வரும் நாளிலேயே, அதே வளாகத்தில், அரை மணி நேரம் உட்கார்ந்து பாட ஓர் அறையும் பாட்டுத் தெரிந்த ஒரு பாட்டியும் போதும்.

பலன் தராத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தி 2012-இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், குழு ஓவிய சிகிச்சையால் குறிப்பிடத்தக்க மேம்பாடு எதுவும் தெரியவில்லை. அதில் முக்கியமான செய்தி, வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் சரியாக வரவேயில்லை என்பது. எழுதிக் கொடுத்தால் மட்டும் ஆள் போய்விடுவதில்லை. மாத்திரையையாவது தண்ணீர் குடித்து விழுங்கிவிடலாம். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனம் வராதவரிடம் “வாரம் இரண்டு நாள் மாலை ஐந்து மணிக்குப் போங்கள்” என்று சீட்டெழுதுவது, காலில் கட்டுப் போட்டவரை நடந்து வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொல்வது போன்றது. நான் சொன்ன அம்மாவின் விஷயத்தில் மருந்தாக வேலை செய்ததில் பாதி, கையைப் பிடித்து இழுத்துப் போன அடுத்த வீட்டுப் பெண்.

இங்கிலாந்தில் 2019-க்குப் பிறகு அந்த அடுத்த வீட்டுப் பெண்ணின் வேலைக்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை நியமித்திருக்கிறார்கள். மருத்துவர் அனுப்பும் நபரோடு நிதானமாகப் பேசி, அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டு, தேவைப்பட்டால் முதல் நாள் கூடவே போய் விட்டுவிட்டு வருவது இவர்கள் பணி. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டில் யார் சில நாளாக வாசலுக்கே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் தலையில் ஏற்கெனவே இருக்கும் சுமைக்கு மேல் இதையும் ஊக்கத்தொகை இல்லாமல் ஏற்றினால், பதிவேட்டில் கையெழுத்து மட்டுமே மிஞ்சும்.

ஓர் எச்சரிக்கையும் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் தெருவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, அளவு மீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய். லித்தியம் மாத்திரையில் இரண்டாண்டு நன்றாக இருந்தான். “ராகத்தாலேயே குணமாக்குகிறோம், இரசாயனம் வேண்டாம்” என்று சொன்ன ஒரு தனியார் மையத்தின் பேச்சைக் கேட்டு, பெற்றோர் பெருந்தொகை கட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை மாதம் தாங்கவில்லை. ஒரு நள்ளிரவில் நான்கு பேர் சேர்ந்து அவனைக் காரில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தக் காரில் முன் இருக்கையில் நானும் இருந்தேன். அதன் பிறகு அவன் தேறுவதற்கு ஒரு பருவத் தேர்வு முழுவதையும் இழந்தான். அவன் இப்போதும் கீபோர்டு வாசிக்கிறான், மாத்திரையும் சாப்பிடுகிறான். ஆகவே கலை வகுப்புக்குச் சீட்டெழுதும் அதிகாரம் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடமே இருக்க வேண்டும். “மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது” என்ற வரி அந்தச் சீட்டிலேயே தமிழில், கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும். நம் முன்னோர் உடுக்கையடித்தே எல்லாவற்றையும் தீர்த்தார்கள் என்று பேசுபவர்கள், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசினால் நல்லது. அண்ணன்மார் கதையை உடுக்கையோடு விடிய விடியக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அது மனத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அது மருந்துக்கு மாற்று இல்லை என்பதும் தெரியும்.

இடத்துக்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. கோவையை அடுத்த மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஈரோடு, கரூர், சேலத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. பெருஞ்சலங்கையாட்டமும் ஒயிலும் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆண்கள் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்ததை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அவரைப் போல விருது கிடைக்காமல், திருவிழாக் காலம் முடிந்தால் தறிக்கோ தோட்டத்து வேலைக்கோ போகும் கலைஞர்களுக்கு வாரம் இரண்டு மாலைக்கு நியாயமான கூலி நிச்சயமானால், அது அவர்களின் மனநலத்துக்கும் உதவும். “சேவை மனப்பான்மையோடு வாருங்கள்” என்று அவர்களை மட்டும் கூப்பிடக் கூடாது. மருத்துவமனையில் வேறு யாரையும் நாம் அப்படிக் கூப்பிடுவதில்லை.

வகுப்பை எங்கே, யாரோடு நடத்துவது என்பதில்தான் பிழை நேரும் என்று அஞ்சுகிறேன். மருத்துவமனையில் ஓர் அறையை ஒதுக்கி “மனநோயாளிகளுக்கான கலை வகுப்பு” என்று பலகை மாட்டினால் ஈ, காக்கை வராது. அரிசி டிரம்முக்குள் மாத்திரையை ஒளித்தவர் அந்தப் பலகைக்குக் கீழே வந்து நிற்க மாட்டார். ஊரில் எல்லோருக்கும் நடக்கும் வகுப்பில் இவரும் ஒருவராகப் போக வேண்டும். இன்னார் சீட்டோடு வந்தவர் என்பது சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியக் கூடாது. நோய் விவரத்தை இரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஊர்களில் கும்மிக் குழுக்கள் ஒரு சாதியாரின் குழுக்களாகவே இருக்கின்றன. அரசின் சீட்டோடு அனுப்பும் வகுப்பில் அது கூடவே கூடாது. காலனியிலிருந்து வரும் பெண்ணையும், பிகாரிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் பேட்லாக் தையல் மெஷினில் உட்காரும் பையனையும் அந்த வட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடியாத ஊரில், கும்மிக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு நடத்தலாம். வண்ணத்துக்கும் பறைக்கும் மொழி தேவையில்லை. திருப்பூரில் என்றால் ஞாயிறு மாலையைத் தவிர வேறு நேரம் வைத்துப் பயனில்லை என்பதை அதிகாரிகள் கம்பெனி வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை. எனவே மனநல மருத்துவரின் பணியிடத்துக்கோ மாத்திரைக்கோ உள்ள நிதியைப் பிடித்து இதற்குச் செலவிடக் கூடாது. முதலில் ஈரோட்டிலும் திருப்பூரிலும் இரண்டிரண்டு தாலுகாக்களில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். எத்தனை சீட்டு எழுதப்பட்டது, எத்தனை பேர் நான்காம் வாரமும் வந்தார்கள் என்ற இரண்டு கணக்கை மட்டும் ஒழுங்காக எழுதி வைத்தாலே, மேற்கொண்டு நடத்துவதா விடுவதா என்று தெரிந்துவிடும். கோபி தாலுகாவில் தொடங்குவதாக இருந்தால் அந்தப் பதிவேட்டைச் சம்பளம் இல்லாமல் எழுத நான் வருகிறேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. மருத்துவர்களின் எழுத்தை 31 ஆண்டுகள் படித்தவன் என்றாலும், என் கையெழுத்து இன்னும் பிறருக்குப் புரியும்படிதான் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
கோபிசெட்டிபாளையம்.