பைரோமீட்டர் பொய் சொல்லவில்லை, மகளே

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள சரோஜா,

நலமா? வாண்டர்பைல்பார்க்கில் குளிர் எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள். எனக்கு அந்த பைரோமீட்டர் சங்கதிதான் மண்டையில் ஓடுகிறது. உலையில் உருகிய ஒரே உருக்கில் தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கம்பியை முக்கினால் 1590 டிகிரி, எட்ட நின்று அளக்கும் பைரோமீட்டர் 1480 காட்டுகிறது, கருவி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பைரோமீட்டர் உருக்கைத் தொடுவதே இல்லை. வெளிவரும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது. 1900-ல் பிளாங்க் தந்த சூத்திரம், மேலே விழும் ஒளியையெல்லாம் விழுங்கும் கரும்பொருளுக்கானது. உருகிய இரும்போ பளபளப்பு. அதே சூட்டில் கரும்பொருள் விடும் சிவப்பு ஒளியில் பாதியைக்கூட விடாது, அந்த விகிதத்தைத்தான் எமிசிவிட்டி என்கிறோம், இரும்புக்கு அது 0.4-ஐ ஒட்டித்தான் இருக்கும். உன் கருவியில் யாராவது 0.7 என்று வைத்துவிட்டுப் போயிருந்தால், ஒளி குறைவாக வருவதைச் சூடு குறைவு என்றே அது எடுத்துக்கொள்ளும், நூறு டிகிரி குறைவது ஆச்சரியமே இல்லை.

உருக்கின் மேல் மிதக்கும் கசடு இதற்கு நேர்மாறு. அதே சூட்டிலும் இரும்பைவிடப் பிரகாசமாகத் தெரியும். புதிதாக வரும் பையன்கள் சரியாக அங்கேதான் குறி வைப்பார்கள்! கசடை ஒதுக்கிவிட்டுப் பார், இல்லையென்றால் ஊற்றும்போது தாரையைப் பார்.

அம்பிலோ கோயில் தீக்குழியில் கங்குகளுக்கு இடையிலுள்ள சந்துகள்தான் அதிகம் ஜொலிக்கும், கவனித்திருப்பாய். உள்ளே சூடு அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சந்துக்குள் ஒளி பட்டுப் பட்டுத் திரும்பி வருவதால் அது ஏறக்குறைய கரும்பொருள் போலாகிவிடுகிறது. உலைச் சுவரில் சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால் எமிசிவிட்டி தொல்லை பெரும்பாலும் ஒழிவது இதனால்தான்.

எங்கள் பவுண்டரியில் இருந்த பைரோமீட்டர் கண்ணை வைத்துப் பார்க்கும் பழைய வகை. 1901-ல் ஜெர்மனியில் ஹோல்போர்னும் குர்ல்பவுமும் செய்த ஏற்பாடு. உள்ளே ஒரு பல்பு இழை இருக்கும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, இரும்பின் ஒளியில் இழை கரைந்து மறையும் இடத்தில் நிறுத்தி அளவைப் படிப்போம். மெதுவான வேலைதான், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். எண்ணை மட்டும் காட்டும் இந்தக் காலத்துத் துப்பாக்கி வடிவப் பைரோமீட்டர்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

சரி, உன் கருவி எத்தனை மைக்ரான் அலைநீள ஒளியில் வேலை செய்கிறது? மேலேயே அச்சிட்டிருப்பார்கள். 1 மைக்ரானுக்கு அருகில் என்றால் எமிசிவிட்டி கொஞ்சம் தவறினாலும் சமாளிக்கலாம். 8 முதல் 14 வரை என்றால் உருக்குக்கு அதை எடுக்கவே எடுக்காதே. பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா