எச்சில் டெஸ்ட்டுக்கு எச்சில் வேணுமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைராய்டு கேன்சர் பரவியிருக்கான்னு எச்சிலை வச்சே கண்டுபிடிக்கலாம்னு போன வாரம் நம்ம பேப்பர்ல வந்துச்சுல்ல, அதைப் படிச்சுக் காட்டுனதுல இருந்து எங்கம்மா "இனிமே ஊசி வேணாம்யா, துப்பிட்டு வந்துருவோம்"னு ஒத்தக்கால்ல நிக்குது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா உசிலம்பட்டில இருந்து மதுரைக்கு பஸ் ஏறி ரத்தம் குடுத்துட்டு வர்ற ஆளு, ஆசை இருக்கத்தான செய்யும். ஆனா அது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்குங்கிறதை செய்தியோட கடைசி வரில போட்டிருந்தீங்க, தலைப்புக்குக் கீழயே போட்டிருக்கலாம்.

அம்மாவுக்கு வந்தது பாப்பில்லரி வகை, தைராய்டு கேன்சர்ல அதிகமா வர்றது அதுதான், பரவுனா பெரும்பாலும் மொதல்ல கழுத்து நெறிகட்டிக்குத்தான் போகும். தைராய்டை முழுசா எடுத்தப்புறம் ரத்தத்துல தைரோகுளோபுலின்னு ஒண்ணு பாக்குறாங்க, அதை தைராய்டு செல்தான் சுரக்கும், சுரப்பியே இல்லாத ஆளுக்கு அது ஏறுச்சுன்னா எங்கயோ மிச்சம் கிடக்குன்னு சந்தேகம். இதுலயும் ஒரு வில்லங்கம், சில பேருக்கு அதுக்கு எதிரா ஒடம்பே உண்டாக்குற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கும், அப்ப நம்பர் பொய்யா குறைச்சுக் காட்டிரும். அம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. ஒரு லேப்ல ஆன்டிபாடி பாக்காமலே ரிப்போர்ட் குடுத்துட்டாங்க, நாங்களும் நார்மல்னு அல்வா வாங்கிட்டு வீடு வந்தோம், அப்புறம் கழுத்து ஸ்கேன்லதான் நெறிகட்டி தெரிஞ்சு ஊசி வச்சு எடுத்துப் பாத்தாங்க. அதனால புதுசா ஒரு வழி வந்தா மொத சந்தோஷம் எங்களுக்குத்தான்.

எனக்கு இருக்கிற சந்தேகம் வேற. ஆபரேஷனுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிற தைராய்டு செல்லை அழிக்கக் குடுக்கிற கதிரியக்க மருந்து ரேடியோ அயோடின், அதைக் குடிச்சவங்க எச்சிலுக்கு எங்க போறது? தைராய்டு செல் இழுக்கிற மாதிரியே எச்சில் சுரப்பியும் அந்த மருந்தை இழுத்துக்கிட்டு அடிவாங்கிருது. தண்ணிச் சொம்பு இல்லாம அம்மா சோத்துக்கு உக்காராது, முறுக்கைக்கூட மோர்ல ஊறப்போட்டுத்தான் திங்கிது, சில நாள் சாப்புட ஆரம்பிச்சதும் காதுக்குக் கீழ புசுக்குன்னு வீங்கும், அமுக்கி விட்டா வாயெல்லாம் உப்புக் கரிக்குதும்பா. எலுமிச்சங்கா துண்டை நாக்குல வச்சாலும் நாலு சொட்டு ஊறாது. டெஸ்ட் தேவைப்படுறதே இவங்களுக்குத்தான, இவங்க வாயில ஊறுற அந்தக் கொஞ்சம் போதுமா, இவங்களை வச்சு சோதிச்சுப் பாத்தாங்களான்னு உங்க மருத்துவப் பக்கத்துல எழுதுற டாக்டரைக் கேட்டுப் போடுங்க.

அம்மா தனியா ஒரு கேள்வி கேக்கச் சொல்லுச்சு: காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடுறதுக்கு முன்னாடி துப்பணுமா, காபி குடிச்சிட்டுத் துப்பணுமா?

இப்படிக்கு,
உசிலம்பட்டி வாசகர்